நெறி கட்டியது தென்னைமரத்துக்கு

(நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘அடிதடி நடந்த வீட்டிலிருந்து குழந்தையைப் பிரித்து வைப்பது காப்பா, காயமா?’ ‘காயமே’ அணியின் இரண்டாவது பேச்சு இது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் என் அன்பான எதிரிகளுக்கும், சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் முடித்துவிட்டுக் கண் சொருகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். “வீடு தீப்பிடித்து எரிகிறது. குழந்தையை முதலில் வெளியே தூக்குவீர்களா, தீ வைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்பீர்களா?” என்று கேட்டாரே, என்ன கைதட்டல்! என் வீட்டுக்காரரும் தட்டினார். அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

தம்பி, நானும் தூக்கத்தான் சொல்வேன். தூக்கிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டவளே அந்தக் குழந்தையின் அம்மாதான். அவளைப் பார்த்து, “எரிகிற வீட்டில் குழந்தையை வைத்திருந்தாய், இனிமேல் குழந்தை உன்னிடம் கிடையாது” என்று சொல்வீர்களா? சொன்னார்கள். இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் நியூயார்க் நகரம். அதன் ஒரு பகுதி புரூக்ளின். அங்கே சொன்னார்கள்.

1999 ஜனவரி. இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர், வேலைக்கும் போய்க்கொண்டு கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். கைக்குழந்தை அடுத்த அறையில். அந்தக் கைக்குழந்தையின் அப்பா தெற்கு கரோலினாவில் இருப்பவர், அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்று வந்தவரிடம் இவர், “நமக்குள் இனி ஒத்துவராது” என்று சொல்லிவிட்டார். அதற்குமுன் அந்த ஆள் கை நீட்டியதில்லை. அன்று நீட்டினார். இவருக்குக் கை முறிந்தது, விலா எலும்பு முறிந்தது, தலையிலிருந்து ரத்தம் கொட்டியது. அடித்தவர் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த நிலையில் அந்தத் தாய் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. எனக்கெல்லாம் விரலில் கத்தி பட்டாலே அடுப்பை அணைக்க மறந்துவிடும்.

அன்று இரவே நகரத்தின் குழந்தைகள் நலத்துறை சார்பில், போலீசை வைத்து, அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகப்பட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிக வளர்ப்பு வீட்டில், விடப்பட்டார்கள். தாய்க்கு மறுநாள்தான் தகவல் தெரிகிறது. பிள்ளைகளை ஒருமுறை பார்க்கவே ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பார்க்கப் போனால் சின்னவளுக்கு முகமெல்லாம் தடிப்பு, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. பெரியவனுக்கு ஒரு கண் வீங்கியிருக்கிறது. ஃபாஸ்டர் வீட்டு அம்மா அறைந்தார் என்றான். அடிதடி நடந்தபோது பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்த பிள்ளை அவன். காப்பாற்றக் கூட்டிப் போன இடத்தில் அடிபட்டிருக்கிறான்! பிள்ளைகள் வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது.

அந்தத் தாயின் மேல் துறை வைத்த குற்றச்சாட்டைத் தமிழில் சொன்னால், ‘குடும்ப வன்முறையில் ஈடுபட்டார்’ என்று வரும். ஈடுபட்டாராம்! கிரிக்கெட்டில் ஈடுபாடு, கோலம் போடுவதில் ஈடுபாடு என்கிற மாதிரி. சிரிக்காதீர்கள், நம் பேச்சு மட்டும் என்ன யோக்கியம்? ‘அவள் அடி வாங்கினாள்’ என்கிறோம். எந்தக் கடையில் வாங்கினாள், கிலோ என்ன விலை? அடித்தவன் அந்த வாக்கியத்தில் எங்கேயாவது இருக்கிறானா? பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டியதாம் என்று எங்கள் ஆத்தா சொல்லும். அடித்தவர் ஒருவர், வழக்கு அடிபட்டவர் மேல், தூக்கம் போனது பிள்ளைகளுக்கு.

இன்னொன்றும் நீதிமன்றத்தில் வெளிவந்தது. பிள்ளைகளை எடுத்த கையோடு துறை ஏன் நீதிபதியிடம் போகவில்லை? அதன் அலுவலரே விளக்கம் சொன்னார்: பிள்ளை சில நாள் வெளியில் இருந்தால், நாங்கள் சொல்லும் நிபந்தனைக்கெல்லாம் தாய் பெரும்பாலும் ஒத்துக்கொண்டுவிடுவாள், அப்புறம் வழக்கே தேவைப்படாது. நடுவர் ஐயா, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றவளிடம் பேரம் பேசுவதற்கு நம்மூரில் ஒரு பெயர் உண்டு. பொங்கல் மேடையில் அதைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சரி, அவர்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்களா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. “பிரிக்காமல் விட்டு ஒரு குழந்தை செத்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். நியாயமான பயம். அந்தப் பயத்தில்தான் நியூயார்க்கில் எல்லாமே தொடங்கியது. 1995-இல் அங்கே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பெற்ற தாயாலேயே கொல்லப்பட்டாள். அவளைப் பற்றி முன்பே பலரும் அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். ஊரே கொதித்தது. 1996-இல் மேயர் அந்தத் துறையைப் புதிதாக உருவாக்கினார். அந்த ஆண்டு வெளியிட்ட திட்டத்திலேயே, குழந்தையின் பாதுகாப்பில் சந்தேகம் இருந்தால் அதைப் பிரிப்பதற்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். துறையின் ஆணையராக வந்தவர் சிறு வயதில் தானே பெற்றோரைப் பிரிந்து இல்லத்தில் வளர்ந்தவர். அவருக்கா பிள்ளையின் வலி தெரியாது? தெரியும். ஆனால் சட்டையின் மேல் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டால், கீழே எவ்வளவு கவனமாகப் போட்டாலும் சட்டை கோணல்தானே. ‘சந்தேகம் வந்தால் பிரி’ என்பதுதான் அந்த மேல் பொத்தான்.

2000-இல் அந்தத் தாயும் அவரைப் போன்ற மற்றத் தாய்மார்களும் கூட்டாக வழக்குப் போட்டார்கள். அந்தத் தாயின் பெயரால் நிக்கல்சன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். நீதிபதி ஜாக் வெயின்ஸ்டீன், அப்போது எண்பது வயது. 24 நாள் விசாரணை நடத்தி, 2002 ஜனவரியில் தடை உத்தரவு போட்டார். அடிபட்டாள் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். வழக்கு மேலே போய், 2004 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி ஜூடித் கே எழுதிய தீர்ப்பு வந்தது. எதிரணியினர் அதைத்தான் கொஞ்சம் உற்றுப் படிக்க வேண்டும். பிரிக்கவே கூடாது என்று அதில் இல்லை. வீட்டில் இருந்தால் என்ன ஆபத்து என்று பார்க்கிறீர்களே, பிரித்தால் என்ன ஆபத்து என்பதையும் அதே தராசில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டது. பிரிக்காமலே அந்த ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்றும் கேட்டது. ‘எதற்கும் பத்திரமாக இருக்கட்டும்’ என்ற சொல், ஆதாரம் இல்லாததை மூடி மறைக்கும் போர்வை ஆகிவிடக் கூடாது என்றும் சொன்னது.

அந்த விசாரணையில் மனநல நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அடிதடி நடக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதிலேயே பெரிய பயம், அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்பது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அந்தப் பயத்தையே நடத்திக் காட்டுவது, திறந்த புண்ணில் உப்பைக் கொட்டுவதற்குச் சமம் என்றார் ஒருவர். இன்னொருவர் சொன்னது இது: பிள்ளை அதைத் தனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைக்கும், நாம் எதையோ செய்ததால்தான் இப்படி ஆனது என்று நினைக்கும்.

இந்த இரண்டாவதை நான் தீர்ப்பில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பல வருடங்களுக்கு முன், வேறு ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருந்தேன். அடையாளத்தை எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். முதல் வகுப்புப் பையன் ஒருவன். ஒருநாள் வண்ணம் தீட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், “நேத்து அப்பா அம்மா மேல வாணலியைத் தூக்கிப் போட்டார். அம்மா எங்களை பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கச் சொன்னாங்க” என்று தன் பாஷையில் சொன்னான். பள்ளியில் வேலை பார்ப்பவர் இதைக் கேட்டால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். சட்டம். கொடுத்தேன். அந்தப் போனைச் செய்தது இதோ இந்தக் கை. இன்றைக்கும் செய்வேன்.

சில நாளில் அவனையும் அவன் தங்கையையும் வெவ்வேறு வீடுகளில் வைத்தார்கள். மறுபடி பள்ளிக்கு வந்தவன் கோட்டைக் கழற்றவே இல்லை. ஹீட்டர் ஓடுகிறது, நெற்றியில் வியர்க்கிறது, கோட்டோடு உட்கார்ந்திருப்பான். புத்தகப் பை மடியில். சாப்பிடும்போதும் மடியில். பிற்பகல் இரண்டு மணி ஆனால் என்னிடம் வந்து, “இன்னிக்கு எந்த பஸ்?” என்பான். ஒவ்வொரு நாளும். பதில் மாறவில்லை, அவன் கேட்பதும் நிற்கவில்லை. முன்பு வாய் ஓயாத பிள்ளை. எந்த நாய்க்கு எந்த நிறம் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறவன்.

ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் விழுந்துவிட்டான். முழங்காலில் தோல் கிழிந்து காலுறை வரைக்கும் ரத்தம். ஓடிப்போய்த் தூக்கினேன். அழவில்லை. என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னான்: “யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

எதிரணித் தம்பி, 1998-இல் வந்த ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினீர்கள். தாய் அடிபடுவதைப் பார்த்து வளரும் குழந்தைக்குப் பெரியவனான பிறகும் உடல்நலம் கெடுகிறது என்று அது சொல்கிறது. ஒத்துக்கொள்கிறேன். பார்ப்பதே காயம்தான். அதற்காகத்தான் அந்தப் போனைச் செய்தேன். ஆனால் நோய் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டு, நீங்கள் கொடுக்கிற மருந்து சரியானது என்றும் அதே சீட்டில் எழுதிக்கொள்ள முடியாது. மருந்தைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதித்திருக்கிறார்கள். ஜோசப் டாயில் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் இல்லினாய் மாநிலக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்கே கோப்பு எந்த அதிகாரியின் கைக்குப் போகிறது என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கல் மாதிரி. சில அதிகாரிகள் சட்டென்று பிரிப்பார்கள், சிலர் யோசிப்பார்கள். ஆக, இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒரே மாதிரிக் குழந்தைகளில் சிலர் வீட்டில் இருப்பார்கள், சிலர் ஃபாஸ்டர் வீட்டுக்குப் போவார்கள். வளர்ந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார். வீட்டிலேயே இருந்தவர்கள் மேலாக இருந்தார்கள். இளம்வயதுக் குற்ற வழக்குகளும் பதின்வயதில் தாயாவதும் அவர்களிடம் குறைவு. சம்பாத்தியமும் கூடுதல். உயிருக்கே ஆபத்தான வீட்டைப் பற்றியதல்ல இந்த ஆய்வு, அடிதடி வீடுகளை மட்டும் பார்த்ததும் அல்ல. நடுவில் நிற்கும் குழந்தைகளைப் பற்றியது. நாம் இன்று வாதாடுவதும் அந்த நடுவில் நிற்கும் குழந்தைகளுக்காகத்தானே?

குழந்தையையே அடிக்கிறார்கள், துப்பாக்கி இருக்கிறது, பார்த்துக்கொள்ள நிதானத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர்கூட வீட்டில் இல்லை என்றால், அந்த நிமிடமே தூக்குங்கள். என் அணியில் யாரும் குறுக்கே நிற்க மாட்டோம். எங்கள் வழக்கு, நிதானமான பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டைப் பற்றியது. பிள்ளைகளை பாத்ரூமில் பூட்டிக்கொள்ளச் சொன்ன அம்மா இருக்கும் வீடு.

அந்த அம்மாவுக்கு நேற்று வரை போலீஸ் என்றால் உதவி. பிள்ளையை எடுத்துக்கொண்டு போன செய்தி அக்கம்பக்கத்தில் பரவிய பிறகு, அந்தத் தெருவில் அடிபடும் அடுத்த பெண் போனை எடுப்பாளா? அடிக்கிறவன் கையில் புதிதாக ஒரு ஆயுதம் கிடைத்துவிடுகிறது: “கூப்பிடேன், கூப்பிட்டுத்தான் பாரேன். பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.” இந்த வசனம் இந்த அரங்கில் சிலருக்குப் பழக்கமானதாக இருக்கலாம். கணவனின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் வந்தவளுக்கு இதோடு இன்னொரு வரியும் சேரும்: “உன் விசாவே என் விசாவாலதான்.” நம் சமூகத்தில் இதெல்லாம் நடக்காது என்று யாரும் தலையாட்டாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஊறுகாய் பாட்டிலுக்குத்தான் ஏர்போர்ட்டில் சோதனை. இதை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை.

அடிபட்டவள் வாயை மூடிக்கொள்கிறாள். பிள்ளையும் மூடிக்கொள்கிறது. “யார்கிட்டயும் சொல்லாதீங்க.” அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லக்கூடியவர்களே இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேரையும் ஊமையாக்கிவிட்டு எந்தக் குழந்தையைக் காப்பாற்றப் போகிறீர்கள் தம்பி?

“அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க?” என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள், காதில் விழுகிறது. அடித்தவனை வெளியே அனுப்புங்கள். அவ்வளவுதான். இதற்கு ராக்கெட் விட வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் 1991-இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. நடு ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் போலீஸ் மூலமாகவே தற்காலிகத் தடை உத்தரவு வாங்கலாம். பொதுவாகப் பத்து நாளுக்குள் இறுதி விசாரணை. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், அடித்தவரை வெளியேறச் சொல்ல நீதிபதியால் முடியும். பிள்ளை தற்காலிகமாக யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே பாதைதான். அதன் 19-ஆவது பிரிவின்படி அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேற்றலாம், 21-ஆவது பிரிவின்படி பிள்ளையைத் தாயிடம் தற்காலிகமாக ஒப்படைக்கலாம், 18-ஆவது பிரிவின்படி பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பக்கமே அவர் போகாமல் தடுக்கலாம். ஏட்டில் இருப்பது வீட்டுக்கு வந்து சேர எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது வேறு கதை. அதற்கே தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம், சங்கத் தலைவர் குறித்துக்கொள்ளவும்.

பூட்டை மாற்றித் தர ஒருவர், நீதிமன்றத்துக்குக் கூட வர ஒருவர், ஒரு மாத வாடகை, பள்ளிக்கூடத்தில் அந்த உத்தரவின் நகல் ஒன்று. இவ்வளவையும் செய்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் பிரிப்பதைப் பற்றி என்னிடம் பேசுங்கள். இங்கே 1985-இலிருந்து தெற்காசியப் பெண்களுக்காகவே ‘மானவி’ என்ற அமைப்பு நடக்கிறது. அதை ஆரம்பித்தவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை, நம்மைப் போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம்.

இன்று காலை அரங்கம் அலங்கரிக்க வந்தபோது, பெண்கள் கழிவறையின் உட்கதவில் ஒரு தாளை ஒட்டினோம். மேலே தமிழில் இரண்டு வரி. கீழே குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, பத்துத் துண்டாக வெட்டி, கிழித்து எடுத்துக்கொள்கிற மாதிரி. வீடு வாடகைக்கு என்று கடையில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி. மேடை ஏறும் முன் கை கழுவப் போனேன். மூன்று துண்டு கிழிக்கப்பட்டிருந்தது.

நடுவர் அவர்களே, அந்த மூன்று பேரும் இப்போது உங்கள் தீர்ப்பைக் கேட்க இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.